மூன்று சென்ட் மேயர்

டிராம் கட்டணம் ஐந்து சென்ட். அதை மூன்று சென்ட் ஆக்க வேண்டும்! இந்த ஒரு கோரிக்கைக்காக அமெரிக்க நாட்டு ஒஹையோ மாநிலத்திலே, ஏரிக்கரையில் உள்ள கிளீவ்லாந்து நகரத்தில், ஒன்பது ஆண்டுகள் போர் நடந்தது. துப்பாக்கி ஏந்திய போர் அல்ல. வாக்குச் சீட்டு ஏந்திய போர். 1901-இல் தொடங்கி 1910-இல் முடிந்தது. அந்தப் போருக்குத் தலைமை தாங்கியவர் டாம் ஜான்சன்.

இரண்டு சென்ட்டுக்கா இத்தனை அமளி என்று சீமான்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும்! காலையில் ஆலைக்குப் போக ஒரு பயணம், மாலையில் வீடு திரும்ப ஒரு பயணம். வாரத்துக்கு ஆறு நாள், பன்னிரண்டு பயணம். பயணத்துக்கு இரண்டு சென்ட் என்றால் வாரத்துக்கு இருபத்து நான்கு சென்ட். ஆண்டுக் கணக்குப் போட்டால் பன்னிரண்டு டாலருக்கு மேல்! சீமானுக்கு அது ஒரு விருந்தின் செலவு. பாட்டாளிக்கு? பிள்ளையின் செருப்பு, மழைக்காலத்துப் போர்வை, மருந்துக் கடைப் பாக்கி.

ஆனால் போர் அந்த இரண்டு சென்ட்டுக்காக மட்டும் நடந்ததல்ல. தெரு யாருடையது? தெருவிலே வண்டி ஓட்டும் உரிமையைக் கொடுப்பவர் யார்? ஊர் மக்களா, உரிமத்தை விலைக்கு வாங்கிய கம்பெனியா? இதுதான் கேள்வி. இந்தக் கேள்வியைக் கேட்டவர் ஏழை வீட்டுப் பிள்ளையாக இருந்து, டிராம் கம்பெனி முதலாளியாகி, அந்த முதலாளித்துவத்தின் உள்வீட்டு இரகசியம் அத்தனையும் அறிந்தவர் என்பதுதான் இந்தக் கதையின் சுவை.

டாம் ஜான்சன் 1854-ஆம் ஆண்டு கென்டக்கி மாநிலத்தில் பிறந்தார். தந்தை தென்மாநிலங்களின் படையில் அதிகாரி. உள்நாட்டுப் போரில் தென்மாநிலங்கள் தோற்றன. குடும்பத்தின் செல்வம் கரைந்தது. வர்ஜீனியாவில் ஸ்டான்டன் என்ற ஊரில், பதினொரு வயதுச் சிறுவன் டாம் பத்திரிகை விற்றுப் பிழைக்கத் தொடங்கினான். ஊருக்கு வரும் ஒரே ரயிலில்தான் பத்திரிகைக் கட்டு வரவேண்டும். ரயில் கண்டக்டருக்குப் பையனைப் பிடித்துவிட்டது. இவன் கட்டை மட்டும் ஏற்றிவருவேன், வேறு எவன் கட்டையும் ஏற்றமாட்டேன் என்று சொல்லிவிட்டார். போட்டி இல்லை! சொன்னதுதான் விலை! சில வாரங்களில் எண்பத்தெட்டு டாலர், வெள்ளிக் காசாகச் சேர்ந்தது. கண்டக்டர் மாற்றப்பட்டார், ஏகபோகமும் போயிற்று, வருமானமும் போயிற்று. உழைப்பு கொடுக்காத பணத்தை ஏகபோகம் கொடுக்கும் என்ற பாடத்தை ஏட்டிலே படிக்கவில்லை அந்தச் சிறுவன், ரயிலடியிலே படித்தான்.

பிறகு லூயிவில் நகருக்குச் சென்று, பதினைந்து வயதில் ஒரு டிராம் கம்பெனியில் வேலைக்கு அமர்ந்தார். பயணிகள் காசைத் தாமே போடுவதற்கான கண்ணாடி உண்டியல் ஒன்றைக் கண்டுபிடித்தார். அது இருபதாயிரம் டாலருக்கு மேல் சம்பாதித்துக் கொடுத்தது. இருபத்திரண்டு வயதில் இண்டியானாபொலிஸ் நகரின் டிராம் கம்பெனியை விலைக்கு வாங்கினார். 1879-இல் கிளீவ்லாந்துக்கு வந்தார். அங்கே மார்க் ஹன்னா கோலோச்சிக்கொண்டிருந்தார். பின்னாளில் மெக்கின்லியைக் குடியரசுத் தலைவர் நாற்காலியில் உட்காரவைத்தாரே, அதே ஹன்னா! அவருக்கும் டிராம் பாதைகள் உண்டு. நகரின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போக இரண்டு கட்டணம் கொடுத்துக்கொண்டிருந்த மக்களுக்கு, ஒரே கட்டணத்தில் நேராகப் பயணம் என்றார் ஜான்சன். கூட்டம் அலைமோதியது. கட்டணம் குறைந்தால் கம்பெனி கவிழாது, பயணிகள் பெருகுவார்கள் என்பதை அவர் முதலாளியாக இருந்தபோதே கண்டறிந்துவிட்டார்.

பணம் குவிந்தது. இரும்பாலை, ரயில் தண்டவாளத் தொழிற்சாலை, யூக்ளிட் வீதியிலே மாளிகை! அந்த நிலையில் ஒருநாள் ரயில் பயணத்தில், ஹென்றி ஜார்ஜ் எழுதிய புத்தகம் ஒன்றை வாங்கினார். நாடு செழிக்கச் செழிக்க ஏழ்மையும் ஏன் வளர்கிறது என்று கேட்டவர் ஹென்றி ஜார்ஜ். ஊர் வளர்வதால் நிலத்தின் மதிப்பு உயர்கிறது, அந்த உயர்வு ஊருக்கே சேர வேண்டும், நிலக்காரன் மடியில் விழக்கூடாது என்று வாதாடியவர். ஜான்சன் படித்தார், திடுக்கிட்டார். தம் வழக்கறிஞரிடம் கொடுத்து, இதில் பிழை இருந்தால் கண்டுபிடித்துச் சொல்லும் என்றார். மறுப்புக் கிடைக்கவில்லை. கோடீஸ்வரர், சீர்திருத்தக்காரரின் சீடரானார்!

1889-இல், அவருடைய தொழிற்சாலை இருந்த ஜான்ஸ்டவுன் ஊரில் அணை உடைந்து, வெள்ளம் 2,200-க்கு மேற்பட்ட மக்களைக் கொண்டுபோயிற்று. வீடிழந்து நின்றவர்களிடம் கட்டணமா கேட்பது? அங்கே அவருடைய டிராம் வண்டிகள் சில காலம் இலவசமாகவே ஓடின. பாதையைப் பொதுச் சொத்தாகக் கொண்டால் வண்டியைப் பொதுப் பணியாக நடத்தலாம் என்ற எண்ணம் அவர் உள்ளத்தில் ஊன்றிவிட்டது.

1891 முதல் 1895 வரை அமெரிக்கப் பாராளுமன்றத்தில் உறுப்பினராக இருந்தார். தண்டவாளம் செய்யும் ஆலைக்குச் சொந்தக்காரர், இறக்குமதித் தண்டவாளத்துக்கு வரி போட்டால் தமக்குத்தான் இலாபம். ஆனால் அந்த வரியை எதிர்த்தே வாக்களித்தார். பிறகு தம் டிராம் தொழிலை விற்றுக் கைகழுவினார். கிளீவ்லாந்து அரசியலில் இறங்கினார்.

கிளீவ்லாந்து அப்போது நான்கு இலட்சத்தை நெருங்கிக்கொண்டிருந்த நகரம். இரும்பாலைகள், எண்ணெய்க் கிடங்குகள், பல நாடுகளிலிருந்து பிழைக்க வந்த தொழிலாளர்கள். டிராம் பயணிகள் ஏமாளிகள் அல்லர். 1899-இல் டிராம் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, கம்பெனியின் வண்டியில் ஏறமாட்டோம் என்று ஊர் மக்கள் உறுதிகொண்டனர். நடந்தே வேலைக்குப் போனார்கள். கிடைத்த கட்டை வண்டிகளில் தொற்றிக்கொண்டு போனார்கள். பகிஷ்காரத்தை மீறி டிராமில் ஏறியவனுக்குச் சரக்கு விற்கமாட்டேன் என்றார்கள் கடைக்காரர்கள். பட்டாளமே வரவழைக்கப்பட்டது. வண்டி ஓட்டுபவனும் வண்டியில் வருபவனும் ஓரணியில் நின்ற காட்சி அது. இதை நினைவில் வையுங்கள், தோழர்களே! கதையின் பிற்பகுதியில் இது தேவைப்படும்.

1901 ஏப்ரலில், மூன்று சென்ட் கட்டணம் என்ற முழக்கத்தோடு நின்று ஜான்சன் மேயரானார். பதவி ஏற்பதற்கே ஒரு பரபரப்பு! கோடிக்கணக்கான மதிப்புள்ள ஏரிக்கரை நிலத்தை ரயில்வே கம்பெனிகளுக்கு விட்டுக்கொடுக்கப் பழைய நிர்வாகம் தீர்மானித்திருந்தது. அதைத் தடுத்து நிறுத்தியிருந்த நீதிமன்ற உத்தரவு காலாவதியாகும் நாள் அது. விழா வேண்டாம், மாலை வேண்டாம் என்று அந்த நேரம் முடிவதற்குள் ஓடிவந்து பதவியேற்றார், நிலம் தப்பியது.

மேயரான பிறகு அவர் செய்த முதல் தரமான காரியம், மக்களைப் பேசவிட்டது. பெரிய சர்க்கஸ் கூடாரம் ஒன்றை வாங்கினார். பேட்டைக்குப் பேட்டை அதைத் தூக்கிச் சென்று அடித்தார். மண்டபத்துக்கு வாடகை கொடுக்க வேண்டாம். மண்டபக்காரனின் தயவும் வேண்டாம். உள்ளே எவனும் வரலாம், எதையும் கேட்கலாம். கேள்வி கேட்பவனை அடக்கமாட்டார். எதிரியின் ஆள் எழுந்து கேட்டால், அவனை மேடைக்கு அருகே அழைத்துக் கேட்கச் சொல்லுவார். வரி எப்படி விதிக்கப்படுகிறது, ரயில்வே கம்பெனியின் சொத்து ஏன் குறைத்து மதிப்பிடப்படுகிறது, டிராம் கம்பெனியின் மூலதனத்தில் உண்மைப் பணம் எவ்வளவு, காகிதக் கணக்கு எவ்வளவு, எல்லாம் அங்கே அலசப்பட்டது. கொல்லனும் கொத்தனும், உரிமம் என்றால் என்ன என்பதில் வக்கீலுக்கு வகுப்பெடுக்கும் நிலை வந்தது!

கம்பெனி சும்மா இருக்குமா? அதன் ஆயுதம் மூன்று.

முதல் ஆயுதம், வழக்குமன்றம். ஒரு தீர்மானம் நிறைவேறினால் ஒரு தடை உத்தரவு. ஐம்பதுக்கு மேற்பட்ட தடை உத்தரவுகள் அவர் மீது பாய்ந்தன என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

இரண்டாவது ஆயுதம், தெருவாசிகளின் ஒப்புதல். புதிதாகப் பாதை போட, அந்தத் தெருவில் மனை உள்ளவர்களில் பெரும்பான்மையோர் ஒப்பவேண்டும் என்பது ஒஹையோ சட்டம். நல்ல சட்டந்தான். ஆனால் மூன்று சென்ட் வண்டிக்கு ஒப்புதல் தந்தவர்களிடம் கம்பெனியின் ஆட்கள் பணப்பையோடு போனார்கள். கொடுத்த ஒப்புதலைத் திரும்பப் பெறச் செய்தார்கள். மக்களின் கையெழுத்துக்கு மார்க்கெட் விலை வைத்தார்கள்.

மூன்றாவது ஆயுதம்தான் கொடியது: மாநிலத் தலைநகர். 1902-இல் ஒஹையோ உச்ச நீதிமன்றம், கிளீவ்லாந்து நகரின் ஆட்சி முறையே செல்லாது என்றது. கொலம்பஸில் கூடிய சட்டமன்றம் எல்லா நகரங்களுக்கும் ஒரே அச்சில் வார்த்த சட்டம் ஒன்றைத் திணித்தது. அதிகாரம் பல குழுக்களுக்குச் சிதறடிக்கப்பட்டது. நகரத்தார் தேர்ந்தெடுத்த மேயரின் கையைக் கட்ட, நகரத்துக்கு வெளியே கயிறு திரிக்கப்பட்டது! தன் தெருவில் ஓடும் வண்டியைப் பற்றி முடிவு செய்யும் உரிமை தன் ஊருக்கே இல்லை என்பதைப் பயணி அன்று கண்டான். மூன்று சென்ட் கோரிக்கையும் ஊராட்சி உரிமைக் கோரிக்கையும் ஒன்றுதான் என்பது அன்றுதான் விளங்கிற்று.

ஜான்சன் தளரவில்லை. 1903 தேர்தலில் மீண்டும் வென்றார். அதே ஆண்டு மாநில ஆளுநர் பதவிக்குப் போட்டியிட்டார். சிவப்பு மோட்டார் வண்டியில் ஒஹையோ முழுவதும் சுற்றினார். கூடாரமும் கூடவே சென்றது. தோற்றார். கிளீவ்லாந்து மட்டும் கைவிடவில்லை; 1905-இலும் அவரையே தேர்ந்தெடுத்தது. மூன்று சென்ட்டுக்கு ஓட்ட ஒரு புதுக் கம்பெனி அமைக்கப்பட்டது. இரவிலே தண்டவாளம் போட்டனர். விடிந்தால் தடை உத்தரவு. ஒரு தெருவில் அனுமதி, அடுத்த தெருவில் வழக்கு. இப்படி அடி அடியாக முன்னேறி, 1906 நவம்பர் முதல் நாள், முதல் மூன்று சென்ட் வண்டி ஓடிற்று. ஓட்டியவர் யார்? பருத்த உடலும் மலர்ந்த முகமுமாக மேயர் ஜான்சனே முன்னால் நின்று ஓட்டினார்!

ஐந்து சென்ட்டுக்கு ஒரு காசு குறைந்தாலும் கட்டாது என்று சத்தியம் செய்துவந்த பழைய கம்பெனி என்ன செய்தது? இருபத்தைந்து சென்ட்டுக்கு ஏழு டிக்கெட் என்று இறங்கிவந்தது. சத்தியம் கரைந்த வேகத்தைக் கண்டு ஊர் சிரித்தது.

1907-இல், குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட்டின் ஆதரவோடு பர்ட்டன் என்ற பெரும்புள்ளி எதிர்த்து நின்றார். மக்கள் ஜான்சனையே நான்காம் முறையாகத் தேர்ந்தெடுத்தனர். கம்பெனி பணிந்தது. டிராம் வண்டிகளை நகராட்சியே நடத்த அன்றைய சட்டம் இடங்கொடுக்கவில்லை. ஆகவே இலாபம் எடுக்காத ஓர் அமைப்பு ஏற்படுத்தப்பட்டு, நகரின் பாதை முழுவதும் அதனிடம் குத்தகைக்கு வந்தது. 1908 ஏப்ரல் 28-ஆம் நாள், வெற்றி விழா. அன்று முழுவதும் யாருக்கும் கட்டணமில்லை! குழந்தை குட்டிகளோடு ஊரே வண்டியேறிச் சுற்றியது.

கதை இங்கே முடிந்திருந்தால் இனிப்பாக இருக்கும். முடியவில்லை, தோழர்களே! ஆறே மாதத்தில் அத்தனையும் சரிந்தது. எப்படிச் சரிந்தது என்பதைத்தான் நாம் கவனித்துப் படிக்கவேண்டும்.

பழைய கம்பெனி போகிற போக்கில், உரிமம் புதுப்பிக்கப்பட்டால் கூலி உயர்வு தருவதாகத் தன் தொழிலாளர்களோடு ஒப்பந்தம் செய்து வைத்திருந்தது. அந்த ஒப்பந்தம் எங்களைக் கட்டுப்படுத்தாது என்றது புது நிர்வாகம். சட்டப்படி அது சரியாகவே இருக்கலாம். ஆனால் வண்டியோட்டியின் வீட்டு அடுப்பு சட்டப் புத்தகத்தைப் பார்த்தா எரிகிறது? 1908 மே மாதம் வேலைநிறுத்தம் வெடித்தது. வண்டிகள் தாக்கப்பட்டன; தண்டவாளத்தில் வெடி வைக்கப்பட்டது. வேலைநிறுத்தம் முறிந்தது, வேலை இழந்தவர்களின் மனக்கசப்பு முறியவில்லை. 1899-இல் ஓரணியில் நின்ற வண்டியோட்டியும் பயணியும் எதிரெதிர் அணியாயினர். கம்பெனி கோடி கொட்டியும் செய்யமுடியாத பிளவு, தானாகவே வந்து சேர்ந்தது.

இன்னொன்று, சேவை. முந்திய ஆண்டுப் பணநெருக்கடி வருவாயைத் தின்றது. வழித்தடங்கள் மாறின, சிக்கனம் என்று வண்டிகள் குறைக்கப்பட்டன. குளிரில் நிறுத்தத்தில் நிற்பவனுக்கு, கட்டணம் மூன்று சென்ட் என்பது ஆறுதல் அல்ல. வண்டி வருகிறதா என்பதே கேள்வி. மலிவு வண்டி, வராத வண்டியானால் அதைக் காப்பாற்ற எவன் வருவான்?

முக்கியமான உரிமங்களை மக்கள் வாக்கெடுப்புக்கு விடலாம் என்று அப்போது சட்டம் வந்திருந்தது. மக்கள் முடிவே மேல் என்று முழங்கியவர் ஜான்சன். எதிரணியினர் மனு எழுதிக் கையெழுத்து வாங்கினர். வேலை இழந்த டிராம் தொழிலாளர்களும் அந்த மனுவைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகச் சென்றனர். 1908 அக்டோபரில் வாக்கெடுப்பு. ஏறத்தாழ எழுபத்தைந்தாயிரம் வாக்குகளில், அறுநூறு சொச்சம் வாக்கு வித்தியாசத்தில் ஜான்சனின் திட்டம் தோற்றது! பாதைகள் நீதிமன்றம் நியமித்த ரிசீவர்களின் கைக்குப் போயின. 1909 நவம்பரில் மேயர் தேர்தலிலும் ஜான்சன் தோற்றார். அவர் செல்வமும் அதற்குள் கரைந்திருந்தது, உடலும் நலிந்திருந்தது. மாளிகையை விட்டுச் சிறிய குடியிருப்புக்குப் போனார்.

மக்கள் நன்றி கெட்டவர்கள் என்று அவர் தூற்றினாரா? இல்லை. வாக்குரிமை நமக்கு வாழ்த்துப் பாடும்போது மட்டும் புனிதம், நம்மை வீழ்த்தும்போது புனிதமில்லை என்று சொல்பவன் மக்களாட்சிக்காரன் அல்லன். தோற்ற பிறகும் அவர் எஞ்சியிருந்த நாட்களில், நியாயமான ஏற்பாடு ஒன்று வருவதற்காகவே உழைத்தார்.

அது வந்தது! டெய்லர் என்ற நீதிபதியின் முயற்சியால் உருவான புது ஏற்பாட்டை, 1910 பிப்ரவரியில் மக்கள் வாக்களித்து ஏற்றனர். தொடக்கக் கட்டணம் எவ்வளவு தெரியுமா? மூன்று சென்ட்! பங்குதாரர்களுக்கு ஆறு விழுக்காட்டுக்கு மேல் இலாபமில்லை. செலவு ஏறினால் கட்டணம் சற்று ஏறும், இறங்கினால் இறங்கும். எத்தனை வண்டி, எந்த வழி, எத்தனை நிமிடத்துக்கு ஒன்று என்பதை மேற்பார்க்கும் அதிகாரம் நகரத்தின் கையில். மேயர் நாற்காலியை இழந்தவர், மேற்கொண்ட கொள்கையை வென்றார்.

1911 ஏப்ரல் 10-ஆம் நாள், ஐம்பத்தாறு வயதில் ஜான்சன் மறைந்தார். நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில், தம் ஆசான் ஹென்றி ஜார்ஜின் கல்லறைக்கு அருகிலேயே அடக்கம் செய்யப்பட்டார். அடுத்த ஆண்டு, 1912-இல், ஒஹையோ மாநிலத்தின் அரசியலமைப்பிலே நகரங்களுக்குத் தன்னாட்சி உரிமை எழுதப்பட்டது. அவருடைய அணியிலே வளர்ந்த நியூட்டன் பேக்கர் அப்போது கிளீவ்லாந்து மேயர். 1942-இல் டிராம் பாதைகள் முழுவதையும் நகரமே விலைக்கு வாங்கியது. நகரின் நடுச் சதுக்கத்தில் ஜான்சனுக்குச் சிலை இருக்கிறது. அந்தச் சிலையின் கையில் ஹென்றி ஜார்ஜின் புத்தகம்.

சிலைக்கு மாலை போடுவது எளிது. அவர் வாழ்க்கை வைக்கும் கேள்விக்கு விடை சொல்வதுதான் கடினம். கட்டணம் குறையப் போராடும் நாம், வண்டியோட்டியின் கூலியைப் பற்றிக் கேட்கிறோமா? வென்ற மறுநாள் கொடியைச் சுருட்டிவைத்துவிட்டு வீட்டுக்குப் போகிறோமா, அல்லது வண்டி நேரத்துக்கு வருகிறதா என்று நிறுத்தத்தில் நின்று பார்க்கிறோமா? ஊருக்குரிய அதிகாரத்தை மேலே இருப்பவர் பறிக்கும்போது, அது பதவியில் இருப்பவரின் சண்டை என்று ஒதுங்குகிறோமா, நம் தெருவின் சண்டை என்று இறங்குகிறோமா?

அறுநூறு சொச்சம் வாக்குகள், தோழர்களே! ஒரு டிராம் பணிமனையில் வேலை செய்பவர்களும் அவர்கள் குடும்பத்தாரும் சேர்ந்தால் அவ்வளவு வாக்கு இருக்கும். அவர்களை அழைத்து உட்காரவைத்துப் பேசியிருந்தால் போதும். ஒன்பதாண்டுப் போர் ஒரு நாளில் தோற்றிருக்காது. வண்டியில் ஏறுகிறவனும் பாட்டாளி, வண்டியை ஓட்டுகிறவனும் பாட்டாளி. இருவரையும் ஒரே கூடாரத்தில் உட்காரவைக்கும் வேலை நம்முடையது. அந்த வேலையை வெற்றி விழாவுக்கு முன்பே முடித்துவைப்போம்!